குறிப்பு எழுதாமல் செத்த காவலன்

அத்தியாயம் 6

வெங்காய பக்கோடா தின்ற விரல்களை எங்கேயும் துடைக்காமல், கங்காதரன் அப்படியே கம்ப்யூட்டர் கீபோர்டைத் தட்ட ஆரம்பித்தபோது, துப்பறியும் நாகவல்லிக்குக் காலையில் குடித்த காபி தொண்டைவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. கீபோர்டின் ஒவ்வொரு எழுத்தின்மேலும் மஞ்சளாக ஒரு படலம். பல மாதத்துப் படலம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருந்த திரிசூலி ஹீட் ட்ரீட்டர்ஸில் எப்போதும் ஒரே வாடைதான். பழுக்கக் காய்ச்சிய இரும்பை எண்ணெயில் முக்கும் வாடை. செவ்வாய்க்கிழமையிலிருந்து அதோடு இன்னொரு வாடையும் கலந்திருந்தது. அது என்ன வாடை என்று அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அன்று மதியம் இரண்டு இருபதுக்கு மூன்றாம் நம்பர் உலை அளவுக்கு மீறிச் சூடேறியது. சூடேறினால் மணியடித்து எச்சரிக்க ‘காவலன்’ என்று ஒரு ப்ரோகிராம் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மணி அடிக்கவில்லை. வழக்கம்போல உலைக் கதவைத் திறந்த உத்தமனின் கைகள் இரண்டும் முழங்கைவரை வெந்துபோயின. கம்ப்யூட்டர் முன்னால் அந்த நேரத்தில் உட்கார்ந்திருந்தவன் வேம்புலி ஒருவன்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்குவதற்காக அவனே காவலனை நிறுத்திவிட்டான் என்று கம்பெனி சொன்னது. இன்று வெள்ளிக்கிழமை. நான்கு மணிக்கு விசாரணை. நாலரைக்கு வந்து அவனை அழைத்துப்போகும்படி போலீசுக்கும் சொல்லியாகிவிட்டது. அதற்குள் உண்மையைக் கண்டுபிடிக்கத்தான் நாகவல்லி வந்திருந்தாள்.

“ரொம்ப சிம்பிள், மேடம்,” என்றான் கங்காதரன். கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவன்தான் மேனேஜர். “காவலன் செத்தா சொல்லிட்டுத்தான் சாகும். உள்ள ஏதாவது கோளாறுன்னா அதுக்குப் பதினொன்னாம் நம்பர் சிக்னல் வரும். உடனே, இத்தனை மணிக்கு இந்தக் காரணத்தால போறேன்னு பிரிண்டர்ல ஒரு குறிப்பு அடிச்சு வச்சிட்டு, மணியையும் அடிச்சிட்டுத்தான் போகும். ரெண்டு வருஷத்துல பன்னிரண்டு தடவை செத்திருக்கு. பன்னிரண்டுக்கும் தாள் இருக்கு.”

“செவ்வாய்க்கிழமைக்கு?”

“இல்ல. அதுதானே விஷயம்.” கங்காதரன் பல்லிடுக்கில் சிக்கியதை நாக்கால் துழாவினான். “குறிப்பு எழுத விடாம ஒரு ப்ரோகிராமைக் கொல்லணும்னா ஒன்பதாம் நம்பர் சிக்னல் அனுப்பணும். அதை ஒரு ஆள் கீபோர்டுல உட்கார்ந்து அடிச்சாத்தான் உண்டு. உட்கார்ந்திருந்தது யாரு? வேம்புலி.”

நாகவல்லியின் உதவியாளன் துலுக்கானம் சுவரில் சாய்ந்தபடி தலையை ஆட்டினான். “அப்போ ஒம்போது வந்தா பேசாம சாவும், பதினொன்னு வந்தா சொல்லிகினு சாவும். எங்க மாமியாருக்குப் பதினொன்னு மட்டும்தான் சார் வருது. சாவப் போறேன்னு சொல்லாம ஒரு நாள் கூட சோத்துல கை வச்சது கெடையாது.”

நாகவல்லி பன்னிரண்டு தாள்களையும் நுனியைப் பிடித்துப் புரட்டினாள். ஒவ்வொன்றிலும் காவலன் ஓட ஆரம்பித்த நேரம் மேலே, செத்த நேரமும் குறிப்பும் கீழே. முதல் தாளில் இரண்டாவது வரியில் அவள் விரல் நின்றது.

“‘ஜமீலா ஸ்டாக் ரெடி’ன்னு இருக்கே. யாரு ஜமீலா?”

பக்கோடாப் பொட்டலத்துக்குள் போன கை வெளியே வரச் சற்று நேரமானது.

“முன்னாடி இங்க டைப் அடிச்சிட்டிருந்த பொண்ணு. அதிகப்பிரசங்கி. கண்ட இடத்துல தன் பேரைப் போட்டு வச்சிருந்தா.”

“காவலனை எழுதினது?”

கங்காதரன் மோவாயால் சுவரைக் காட்டினான். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பித்தளைக் கேடயம். சிறந்த புதுமைக்கான பரிசு, காவலன், எஸ். கங்காதரன், ஜனவரி 1995. கண்ணாடியின்மேல் எண்ணெய் விரல்களின் தடம் ஐந்தும் அச்சாகப் பதிந்திருந்தது. இந்த மனிதன் தினமும் அதைத் தடவிப் பார்க்கிறான் என்று நாகவல்லிக்குப் புரிந்தது.

“இந்தத் தாளெல்லாம் எனக்கு வேணும்.”

“நகல்தானே, எடுத்துட்டுப் போங்க. நாலு மணிக்குத் திருப்பிக் கொடுத்துடுங்க.”

ஸ்கூட்டர் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில், தகரக் கூரைக்குக் கீழே ஒரு பெஞ்சில் வேம்புலியை உட்கார வைத்திருந்தார்கள். காலை எட்டு மணியிலிருந்து. அவன் எதிரிலேயே எல்லோருக்கும் டீ போனது. அவனுக்கு மட்டும் போகவில்லை.

“தூங்கினியா?” என்று நேராகவே கேட்டாள் நாகவல்லி.

“இல்லமா. ஸ்க்ரீன்ல நம்பர் ஓடிகினே இருந்துச்சு. டக்குனு நின்னுச்சு. இன்னாடா இதுன்னு எழுந்து கங்காதரன் சாரைக் கூப்பிடப் போனேன். வெளிய வர்றதுக்குள்ள உத்தமன் கத்துறான்.” வேம்புலி தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். “உத்தமன் என் தங்கச்சி புருசன். நான் தூங்கினேன்னு அவளே நம்புறா. ஆஸ்பத்திரிக்குப் போனேன். உள்ள வுடல.”

“உலையில ஏதாவது கோளாறு இருந்துச்சா?”

“சூட்டை அளந்து கம்ப்யூட்டருக்கு அனுப்புற வயரு ஒன்னு கீது. அது லூசாகி ஆடிகினே இருந்துச்சு. நோட்டுல மூணு வாட்டி எழுதி வச்சேன். கங்காதரன் சார் கையெழுத்துப் போட்டாரு. அத்தோட சரி.”

“ஜமீலா?”

“நல்ல பொண்ணுமா. ஆவடி க்வார்ட்டர்ஸ்ல ஊடு. இப்போ அங்கியே மார்க்கெட் பக்கம் கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்குது.” அவன் குரல் தாழ்ந்தது. “காவலனை அதுதான் எழுதிச்சு. சொன்னா எவன் கேக்குறான்?”

துலுக்கானத்தின் ஆட்டோ ஆவடிச் சாலையில் லாரிப் புகையைக் கிழித்துக்கொண்டு போனது. வழியெல்லாம் சாக்கடைக் கருப்பு. நாகவல்லி முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

“யக்கா, அந்தக் கீபோர்டைப் பார்த்தியா? ரெண்டு ஈ மொய்ச்சுகினு இருந்துச்சு. கம்ப்யூட்டரு கையக் கழுவிட்டு வாடான்னு ஒரு சிக்னலு அனுப்பக் கூடாது?”

“வண்டியைப் பார்த்து ஓட்டு. வாந்தி வருது.”

டயர்க் கடைக்கு மாடியில் இருந்தது அந்த கம்ப்யூட்டர் சென்டர். ஜமீலாவுக்கு இருபத்து நாலு வயது இருக்கும். உத்தமனுக்கு நேர்ந்ததை அவள் கேள்விப்பட்டிருக்கவில்லை. நாகவல்லி சொல்லி முடித்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“குறிப்பு இல்லாம செத்திருக்காது. ஒன்பதாம் நம்பர் வந்திருந்தா மட்டும்தான் அப்படி. இல்லேன்னா...” என்று இழுத்தாள்.

“இல்லேன்னா?”

ஜமீலா மேஜைமேல் இருந்த ஊசிக் கம்பியைத் தன் பக்கம் இழுத்தாள். வந்த சீட்டுகளைக் குத்தி வைக்கிற, செங்குத்தாக நிற்கும் சாதாரணக் கம்பிதான். பாதிவரை சீட்டுகள் ஏறியிருந்தன.

“ப்ரோகிராம் ஒரு வேலையைப் பாதியில விட்டுட்டு இன்னொரு வேலைக்குப் போகும்போது, எங்க விட்டோம்னு ஒரு சீட்டு எழுதி இப்படிக் குத்தி வச்சிட்டுப் போகும். திரும்பி வந்ததும் மேல இருக்கிற சீட்டை எடுத்துட்டுப் பழைய வேலையைத் தொடரும். இதுக்குப் பேருதான் ஸ்டாக். இப்ப காவலன் உலையைப் பார்த்து, சூடு எவ்வளவுன்னு கேட்கும். வயர்ல இருந்து பதில் வரலேன்னா, தன்னையே மறுபடி கூப்பிட்டுக் கேட்கும். அப்பவும் வரலேன்னா மறுபடியும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சீட்டு ஏறும். ஒன்னு கூட இறங்காது.”

“ஊசி நிறைஞ்சு போனா?”

“இனிமே குத்த இடமில்லேன்னு பதினொன்னாம் நம்பர் சிக்னல் வரும்.”

“வந்தாத்தான் குறிப்பு எழுதிடுமேம்மா,” என்றான் துலுக்கானம்.

“குறிப்பு எழுதுறதும் ஒரு வேலைதானே. அதுக்கும் அதே ஊசியில ஒரு சீட்டு குத்தணும். இடம் எங்க இருக்கு? கத்துறதுக்கு வாயைத் திறக்கும்போதே செத்துடும். குறிப்பும் வராது, மணியும் அடிக்காது. வெளியில இருந்து பார்த்தா ஒன்பதாம் நம்பர் சாவு மாதிரியே இருக்கும்.”

நாகவல்லி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அப்போ செவ்வாய்க்கிழமை நடந்தது இதுதான்.”

“இருக்க முடியாது மேடம்.” ஜமீலா தலையை ஆட்டினாள். “அப்படித் தன்னையே கூப்பிட்டுக்கிட்டே போறது நான் எழுதினதுல இருந்த ஓட்டை. எனக்கே தெரியும். சரி பண்ண நேரம் கொடுக்கல. அதனால ஒரு காப்பு போட்டு வச்சேன். பக்கத்துல காலியா இன்னொரு சின்ன ஊசி. பதினொன்னாம் நம்பர் வந்தா பழைய ஊசியைத் தொடாதே, குறிப்பு வேலைக்கு இதைப் பயன்படுத்துன்னு கம்ப்யூட்டர்கிட்ட முதல்லயே சொல்லி வச்சேன். அது என் சொந்த யோசனை. ஆசையா என் பேரையே அதுக்கு வச்சேன். அது இருக்கிறவரைக்கும் ஊசி நிறைஞ்சு செத்தாலும் மணி அடிச்சிட்டுத்தான் சாகும்.”

துலுக்கானம் நெற்றியில் அடித்துக்கொண்டான். “வேலைய ஒழுங்கா செஞ்சு எங்க கேஸை ஊத்தி மூடிட்டியேமா.”

அவள் சொன்னது உண்மையானால் வேம்புலிதான் ஒன்பதாம் நம்பரை அடித்திருக்க வேண்டும். நாகவல்லிக்குக் கண்ணாடிப் பெட்டிமேல் இருந்த எண்ணெய் விரல்கள் நினைவுக்கு வந்தன.

“அந்த ரெண்டாவது ஊசி தயாரா இருக்கான்னு எப்படித் தெரியும்?”

“காவலன் ஓட ஆரம்பிக்கும்போதே பிரிண்டர்ல சொல்லும். ‘ஜமீலா ஸ்டாக் ரெடி’ன்னு.”

நாகவல்லி பன்னிரண்டு தாள்களையும் மேஜைமேல் வரிசையாகப் பரப்பினாள். முதல் ஒன்பது தாளில் அந்த வரி இருந்தது. பத்தாவதில் இல்லை. பதினொன்றிலும் பன்னிரண்டிலும் இல்லை. பத்தாவது தாளின் தேதி, பிப்ரவரி ஆறு.

“கேடயம் வாங்கின அடுத்த மாசம்,” என்றாள் நாகவல்லி.

“ஆனா இந்த மூணுலயும் குறிப்பு வந்திருக்கேக்கா,” என்றான் துலுக்கானம்.

“இதெல்லாம் வேற கோளாறு,” என்றாள் ஜமீலா மெல்ல. “பழைய ஊசியில இடம் இருந்திருக்கு. அதனால எழுதிட்டு செத்திருக்கு. ரெண்டாவது ஊசி போயிடுச்சுன்னு யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஊசி நிறையுற அன்னிக்குத்தான் தெரியும்.”

“நீ எழுதின பழைய ப்ரோகிராம் உன்கிட்ட இருக்கா?”

ஜமீலா இழுப்பறையைத் திறந்து ஒரு ஃப்ளாப்பியை எடுத்தாள்.

நான்கு மணிக்குக் கம்ப்யூட்டர் அறையில் டைரக்டர் லோகநாதன் கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். தன் கம்பெனி வாடையே அவருக்கு ஆகவில்லை. பக்கத்தில் ஒரு டைப்பிஸ்ட். கங்காதரன் தலைசீவிப் பவுடர் பூசி வந்திருந்தான். வேம்புலி வாசலோரம் நின்றான்.

“ஒரே ஒரு கேள்விதான் சார்,” என்றாள் நாகவல்லி. “காவலனை எழுதினது யாரு?”

“நான்தான்,” என்றான் கங்காதரன்.

“முழுசும்?”

“முழுசும். வேற யாரும் ஒரு வரி எழுதல.”

“டைப் பண்ணிக்கோங்கம்மா. சார் கையெழுத்துப் போடுவார்.”

கங்காதரன் கேடயத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, பெரிதாகச் சுழித்துக் கையெழுத்துப் போட்டான்.

“உலை இப்ப அணைஞ்சுதான் இருக்கு. காவலனை ஓட விடுங்க. அப்புறம் எல்லாரும் சுவர் ஓரமா போய் நில்லுங்க. வேம்புலி, ரெண்டு கையையும் தலைமேல வச்சுக்கோ. கீபோர்டு பக்கத்துல ஈ கூட இருக்கக் கூடாது.”

“அது முடியாதுக்கா,” என்றான் துலுக்கானம். “அதுங்களுக்குத் தெனமும் அங்கதான் டிபன்.”

அவன் வெளியே போய் மூன்றாம் நம்பர் உலையின் வயரைப் பிடுங்கினான். திரையில் ஓடிக்கொண்டிருந்த எண்கள் திக்கின. பத்து வினாடி. இருபது வினாடி. சட்டென்று எல்லாம் நின்றது. மணி அடிக்கவில்லை. பிரிண்டர் அசையவில்லை. குறிப்பு வரவில்லை.

“ஒன்பதாம் நம்பரை இப்ப அடிச்சது யாரு சார்?” என்று கேட்டாள் நாகவல்லி.

லோகநாதன் கைக்குட்டையை இறக்கினார். நாகவல்லி கதவைத் திறந்து ஜமீலாவை உள்ளே அழைத்தாள். கங்காதரன் முகத்துப் பவுடருக்குள்ளிருந்து வியர்வை கோடு கோடாக இறங்கியது. ஜமீலா அவனைப் பார்க்கவில்லை. பையிலிருந்து ஈரத் துணி ஒன்றை எடுத்துக் கீபோர்டை அழுத்தித் துடைத்தாள். துணி மஞ்சளானது. அதைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு ஃப்ளாப்பியைச் சொருகினாள்.

சிறிது நேரத்தில் பிரிண்டர் கரகரத்தது. ஜமீலா ஸ்டாக் ரெடி.

துலுக்கானம் வயரை மாட்டி, மறுபடி பிடுங்கினான். எண்கள் திக்கின. நின்றன. அடுத்த நொடி மணி அலறியது. பட்டறையில் இருந்தவர்கள் உலைகளை விட்டு விலகி ஓடினார்கள். லோகநாதன் காதைப் பொத்திக்கொண்டார். அந்தச் சத்தத்துக்கு நடுவே பிரிண்டர் குனிந்து குறிப்பு எழுதியது: சிக்னல் பதினொன்று, மூன்றாம் உலையிலிருந்து பதில் இல்லை, நேரம் நான்கு பதினாறு.

வேம்புலி தலைமேல் இருந்த கைகளை இறக்கவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு அழுதான்.

“சார், பாருங்க,” என்று கங்காதரன் முந்திக்கொண்டான். “தன்னையே கூப்பிட்டுக்கிட்டுப் போற மாதிரி ஓட்டையா எழுதி வச்சதே இந்தப் பொண்ணுதான். இவ எழுதின ப்ரோகிராம்னாலதான்...”

அவன் வாய் திறந்தபடியே நின்றது. லோகநாதன் மெதுவாகத் தன் முன்னால் இருந்த காகிதத்தைப் பார்த்தார். அடியில் கங்காதரனின் சுழித்த கையெழுத்து.

“எழுதினது யாரு சார்?” என்றாள் நாகவல்லி. “நீங்கதான்னா, ஜமீலா ஸ்டாக்கைப் பிடுங்கினதும் நீங்க. இவதான்னா, இவ பேரு தெரியக் கூடாதுன்னு பிடுங்கினதும் நீங்க. பிப்ரவரியில எதுக்குப் பிடுங்கினீங்க?”

“பரிசு கொடுத்தவங்க... ப்ரோகிராமைப் பார்க்கணும்னு வர்றதா சொன்னாங்க.” கங்காதரன் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். “அதுல பேரு இருந்த இடத்தை மட்டும்தான் எடுத்தேன். அது என்ன வேலை செய்யுதுன்னு எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. எடுத்த அப்புறமும் ஓடிச்சு. ஓடுதேன்னு விட்டுட்டேன்.”

ஒரு பெண்ணின் பெயரை நான்கு பேர் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக ஒருவனுடைய இரண்டு கைகள். நாகவல்லி எத்தனையோ கொலைகாரர்களோடு உட்கார்ந்து டீ குடித்திருக்கிறாள். இவனோடு ஒரே அறையில் மூச்சுவிடுவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

லோகநாதன் தொண்டையைச் செருமினார். “சரி. நடந்தது நடந்துபோச்சு. இது இந்த ரூமுக்குள்ளயே இருக்கட்டும். வேம்புலி, நீ நாளைக்கே டியூட்டிக்கு வந்துடு. விசாரணை ரத்து. கங்காதரன் ஒரு மாசம் லீவுல போகட்டும். உத்தமனை நானே போய்ப் பார்க்கிறேன். என்ன பழம் பிடிக்கும் அவனுக்கு?”

“பழம் வேணாம் சார்,” என்றான் துலுக்கானம். முதல்முறையாக அவன் குரலில் கேலி இல்லை. “உரிச்சுத் திங்க கை வேணும்.”

வெளியே ஜீப் நிற்கும் சத்தம் கேட்டது. சப் இன்ஸ்பெக்டர் குணசேகரன் உள்ளே வந்தார். “யாருங்க அந்த ஆளு?”

“வாங்க வாங்க,” லோகநாதன் எழுந்து சிரித்தார். “சின்னத் தப்பபிப்பிராயம். பேசித் தீர்த்துட்டோம். காபி சாப்பிட்டுப் போங்க. என்ன வேம்புலி, நமக்குள்ள ஒன்னும் பிரச்சினை இல்லையே?”

எல்லோரும் வேம்புலியைப் பார்த்தார்கள். இல்லை என்று ஒரு தலையாட்டு போதும். நாளைக் காலை எட்டு மணிக்கு அவன் கம்ப்யூட்டர் முன்னால் அதே நாற்காலியில் உட்காரலாம். இது நாகவல்லி சொல்ல வேண்டியது அல்ல.

வேம்புலி கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தான்.

“நீங்க இட்டுனு போக வந்த ஆளு நான்தான் சார். வேம்புலி. இப்ப நான் ஒரு கம்ப்ளெயின்ட் குடுக்கணும். எங்க மச்சான் கையப் பத்தி. எனக்கு எழுத லேட்டாவும். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கிறீங்களா?”

லோகநாதனின் சிரிப்பு எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் முகத்திலேயே தொங்கியது. குணசேகரன் அந்த அறையில் இருந்தவர்களை ஒருவர் விடாமல் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கங்காதரனை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேனாவைத் திறந்தார்.